சப்மெர்சிபிளுக்கு ஓர் இயைபு

"பாட்டு எப்படி வேணாலும் இருக்கட்டுங்க அம்மணி," என்றார் கோபாலசாமி, காபி டம்ளரைப் புவனாவின் பக்கம் நகர்த்திக்கொண்டே. "கம்பெனி பேரு கூட வேண்டாங்க, அது பேனர்லயே இருக்குது. ஆனா சப்மெர்சிபிள்ங்கற வார்த்தை மட்டும் வந்தே ஆகோணும். பல்லவியிலயே வரோணும். வரிக் கடைசியில வந்து நச்சுனு நிக்கோணும்."

கோபாலசாமி ஆவாரம்பாளையத்தில் பம்ப் கம்பெனி நடத்துகிறவர். டீலர்கள் கூட்டம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்திருந்தார். அதில் போட்டுக் காட்டவும், பிறகு ஊர் ஊராக வண்டியில் ஒலிபெருக்கி கட்டிப் போடவும் ஒரு பாட்டு வேண்டும் என்று புவனாவை வரச்சொல்லியிருந்தார்.

"அது நீளமான இங்கிலீஷ் வார்த்தைங்களே சார்," என்றாள் புவனா. "நீர்மூழ்கி மோட்டார்னு வச்சுக்கலாங்களா? போர்வெல்லுக்குள்ள முங்கிக் கெடந்து தண்ணி எடுத்துக் குடுக்கறதுக்கு அதைவிடப் பொருத்தமான பேரு ஏதுங்க?"

"பேரு அருமையா இருக்குங்க." கோபாலசாமி உண்மையாகவே ரசித்துச் சொன்னார். "ஆனா நீர்மூழ்கின்னா நம்ம சனம் கப்பல்னு நெனச்சுக்கும். கடைக்கு வர்றவங்க சப்மெர்சிபிள்னுதான் கேக்கறாங்க."

அதை மறுக்க முடியவில்லை. சரியென்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

பீளமேட்டில் ஒரு தனியார் பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் நடத்துகிறவள் புவனா. பாட்டு எழுதுவது அவளுடைய இன்னொரு வாழ்க்கை. ஒரு படத்துக்கு அவள் எழுதிய பாட்டை, படம் நீளம் என்று வெட்டிவிட்டார்கள். இன்னொரு பாட்டு எழுதினாள், அந்தப் படமே வெளிவரவில்லை. அதற்குப் பிறகு கும்பாபிஷேகப் பாட்டு, நகைக்கடைப் பாட்டு, ஆண்டுவிழாப் பாட்டு என்று கேட்பவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்தாள். எந்த மெட்டைக் கொடுத்தாலும் வார்த்தை வைத்து நிரப்பிவிடலாம் என்ற கர்வம் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. மெட்டுக்கு வளையாத வார்த்தை தமிழில் கிடையாது என்பாள். சப்மெர்சிபிள் தமிழ் இல்லை என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

மெட்டுப் போட்டவன் சஹீர். போத்தனூரில் ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் சின்னதாக ஸ்டுடியோ வைத்திருந்தான். புவனாவின் பாட்டுகளில் பாதிக்கு மேல் அங்கேதான் பிறந்தவை. அவன் போட்ட மெட்டு துள்ளிக் குதித்தது. கேட்ட மாத்திரத்தில் கோபாலசாமிக்குப் பிடித்துவிட்டது. பிடித்ததோடு விட்டாரா? முதல் வரியின் கடைசியில் தானே சப்மெர்சிபிளை வைத்து, மேசையில் தாளம் தட்டிப் பாடியும் காட்டிவிட்டார். அந்த வார்த்தை போய் அங்கே கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. இனி அதை நகர்த்த முடியாது.

"ரெண்டாவது வரியும் அதே மாதிரி முடிஞ்சாத்தானுங்கக்கா காதுக்கு நல்லா இருக்கும்," என்றான் சஹீர். "எதுகை மாதிரி ஏதாச்சும் போட்டு விட்டுருங்க."

"எதுகை வரியோட ஆரம்பத்துல வர்றது. கடைசி ஒத்து வந்தா அதுக்குப் பேரு இயைபு."

"சரிங்கக்கா. அந்த இயைபையே போடுங்க. சீக்கிரம் போடுங்க."

புவனா போட முயன்றாள். நாள், தோள், வாள், ஆள். பொருள், அருள், இருள். ள் என்று முடிகிற வார்த்தைக்குத் தமிழில் பஞ்சமே இல்லை. ஆனால் 'பிள்' என்று முடிகிற வார்த்தை ஒன்றுகூட இல்லை. சப்மெர்சிபிளுக்குப் பக்கத்தில் 'அருள்' வைத்துப் பாடினால், இறைவனைப் போர்வெல்லுக்குள் இறக்கியது போல இருந்தது. 'கொங்கு மக்கள்' என்று வைத்துப் பார்த்தாள்.

"மக்களையே உள்ள எறக்கிவிட்ட மாதிரி இருக்குதுங்கக்கா," என்றான் சஹீர். அவன் சிரித்ததில் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

'வரப்பில்', 'சிறப்பில்' என்றெல்லாம் வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்றும் அவனே சொன்னான். லகரத்துக்கும் ளகரத்துக்கும் வித்தியாசம் தெரியாதா? புவனா அவனை முறைத்த முறைப்பில் அவன் அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட்டான்.

இதற்கு நடுவில் கோபாலசாமி வாட்ஸாப்பில் குரல்பதிவு அனுப்பத் தொடங்கினார். காலையில் அவள் பள்ளிக்குக் கிளம்புகிற நேரத்தில் ஒன்று வரும். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது ஒன்று வரும்.

"ஏனுங்கம்மணி, தொந்தரவு பண்றனாட்ட இருந்தா மன்னிச்சுக்கோங்க. ஆப்பிள்னு போட்டா என்னங்க? சப்மெர்சிபிள், தண்ணி இனிக்குது ஆப்பிள். சும்மா ஒரு யோசனைதானுங்க."

அடுத்த நாள் "சிம்பிள்" வந்தது. அதற்கடுத்து "டபுள்". ஒரு நாள், சென்னிமலைக்குச் சாமி கும்பிடப் போன இடத்திலிருந்து, படியேறிக்கொண்டே மூச்சு வாங்க, "டெம்பிள்ங்க அம்மணி, டெம்பிள்! முருகனே எடுத்துக் குடுத்தாப்ல இருக்குது!" என்று அனுப்பியிருந்தார்.

ஒவ்வொரு பதிவிலும் ஏனுங்க, மன்னிச்சுக்கோங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. எந்த இடத்தைப் பிடித்து அந்த மனிதரிடம் சண்டைக்குப் போவது? ஒரு வார்த்தை முரட்டுத்தனமாகச் சொல்லியிருந்தால், "வேற ஆளைப் பாத்துக்கோங்க" என்று முடித்திருப்பாள். அந்தப் பணிவு அவளைக் கட்டிப்போட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, "நல்லாருக்குங்க சார், பாக்கறனுங்க" என்று பதில் அனுப்பினாள்.

வகுப்பில் யாப்பு நடத்திக்கொண்டிருந்தபோது, நேரசைக்கு எடுத்துக்காட்டு எழுதப் போன கை, கரும்பலகையில் 'பிள்' என்று எழுதிவிட்டது. திரும்பிப் பார்த்தால் வகுப்பே அதைப் பவ்யமாக எழுதிக்கொண்டிருந்தது. ஒரு பெண் எழுந்து, "மிஸ், பிள்னா என்னங்க மிஸ்?" என்று கேட்டாள். "அது தெரிஞ்சா நான் ஏன் இப்படி இருக்கறேன்?" என்று புவனா சொன்னது யாருக்கும் புரியவில்லை.

வீட்டில் கணவர் கிருபாசங்கர் வேறு. நல்ல மனிதர், பாட்டு கீட்டு எதிலும் தலையிடாதவர். அவரே ஒரு நாள் சாம்பாரில் சோற்றைப் பிசைந்தபடி, "கேபிள்னு ஒண்ணு இருக்குதே புவனா?" என்றார். அவள் கரண்டியைக் கீழே வைத்த சத்தத்தில், அந்த வாரம் முழுக்க அவர் வாய் திறக்கவில்லை.

கூட்டத்துக்கு நாள் நெருங்கியது. பாடுவதற்கு ரித்திகா என்ற கல்லூரிப் பெண்ணைச் சஹீர் பேசி வைத்துவிட்டான். சரணம் இரண்டும் தயார். பல்லவியில் முதல் வரி தயார். இரண்டாம் வரி மட்டும் தந்தனத்தானா என்று நின்றது.

அந்தச் சமயத்தில்தான் மேட்டுப்பாளையத்தில் கிருபாசங்கரின் பெரியப்பா பேத்திக்குக் கல்யாணம் வந்தது. பாட்டை மறந்து ஒரு நாளாவது நிம்மதியாக இருக்கலாம் என்று புவனா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கிளம்பினாள். முகூர்த்தம் முடிந்தது. பந்தியில் உட்கார்ந்தார்கள். இலையில் இனிப்பு விழுந்தது, பொரியல் விழுந்தது, சோறு விழுகிற நேரத்தில் போன் அடித்தது.

"ஏனுங்கம்மணி, சாப்பிட்டுப்போட்டீங்களா?"

"பந்தியில இருக்கறனுங்க சார்."

"அய்யோ, நெம்ப தப்புங்க. நீங்க சாப்பிடுங்க, நான் அப்பறமா கூப்பிடறேன். ஒண்ணே ஒண்ணு சொல்லிப்போட்டு வச்சர்றனுங்க. பாசிபிள். சப்மெர்சிபிள், எல்லாமே பாசிபிள். எப்படிங்க இருக்குது?"

அந்த நிமிஷம் புவனாவுக்குள் என்னவோ அறுந்தது.

"காலையில எந்திரிச்சா சப்மெர்சிபிள், பள்ளிக்கூடம் போனா சப்மெர்சிபிள், இப்ப சோத்துல கை வச்சாலும் சப்மெர்சிபிளுங்களா?" மண்டபத்தின் இரைச்சலுக்கு மேல் அவள் குரல் ஏறியது. "உங்க சப்மெர்சிபிள் என்னங்க, நான் சொமந்து பெத்த பிள்ளைங்களா? எந்நேரமும் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டே திரியறதுக்கு?"

எதிர்வரிசையில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கிருபாசங்கர் தன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க பெக்கலீங்க அம்மணி," என்றார் கோபாலசாமி மெதுவாக. "நான் பெத்ததுங்க."

புவனாவுக்கு முகம் சுட்டது. இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு, எச்சில் கையோடு எழுந்து, கை கழுவும் இடத்துக்குப் போனாள். "சார், ஏதோ ஒரு வேகத்துல சத்தம் போட்டுட்டனுங்க..."

"இல்லீங்க, நீங்க சொன்னது சரிதான்." என்றார் கோபாலசாமி. "கல்யாணம் ஆன புதுசுல நானும் எங்க வரலட்சுமியும் ஷெட்டுல ஒக்காந்து, ஒவ்வொரு மோட்டாருக்கும் நாங்களே காப்பர் கம்பி சுத்துவமுங்க. அவ போய்ச் சேந்துட்டா. மகன் வம்சிதான் இப்ப எல்லாம் பாக்கறான். சப்மெர்சிபிள் செக்ஷனை மூடிப்போடலாம், வெளிய செஞ்சதை வாங்கி நம்ம ஸ்டிக்கர் ஒட்டி வித்துக்கலாம்ங்கறான். அவன் சொல்றதுலயும் நாயம் இருக்குதுங்க. ஆனா எனக்கு மனசு வரலீங்க."

"அதை அவர்கிட்டச் சொல்ல வேண்டியதுதானுங்களே?"

"சொன்னா சண்டை வருமுங்க. டீலருங்க முன்னாடி சொன்னா மகனை விட்டுக்குடுத்தாப்ல ஆயிரும். பாட்டுல வந்தா யாரும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்கல்லங்க? அந்தப் பேரு எல்லார்த்து வாயிலயும் நின்னு போச்சுன்னா, அப்பறம் அவனால மூட முடியாதுங்க. அதுக்குத்தான் இந்தப் பாடு."

புவனா குழாயைத் திறந்தாள், மூடினாள். பரிதாபமாக இருந்தது. அதைவிட அதிகமாக எரிச்சலாக இருந்தது. "இதை மொதல் நாளே எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதுங்களா சார்?"

"நீங்க கேக்கலீங்களே அம்மணி," என்றார் அவர்.

போனை வைத்துவிட்டு அவள் பந்திக்குத் திரும்பவில்லை. மண்டபத்துக்கு வெளியே பந்தலின் நிழலில் நின்றாள். தான் கத்தியதை மனசுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தாள், எவ்வளவு கேவலமாகக் கத்தினோம் என்று கணக்குப் பார்ப்பதற்காகத்தான். சப்மெர்சிபிள் என்ன, பெத்த பிள்ளையா. சப்மெர்சிபிள். பிள்ளை. சப்மெர்சிபிள்ள. பிள்ள.

உடனே சஹீரைக் கூப்பிட்டாள். "எழுதிக்கோ. 'ஆழத்துல எறக்கிவிட்டேன் சப்மெர்சிபிள்ள. அள்ளியள்ளித் தண்ணி தரும் நம்மூட்டுப் பிள்ள.' மெட்டுல ஒரு சொரம் கூட வரும். சமாளிச்சுக்குவியா?"

சஹீர் இரண்டு தரம் பாடிப் பார்த்தான். மூன்றாம் தரம் பாடும்போது அவன் குரலில் சிரிப்பு இருந்தது. "அக்கா! உக்காந்துருச்சுங்கக்கா!"

"ஆனா ஒரு தப்பு இருக்குது. சப்மெர்சிபிளை அப்படின்னுதான் வரணும். தனிக்குறிலுக்கு அடுத்து வந்தாத்தான் ஒற்று இரட்டிக்கும். இங்க ள் இரட்டிக்கக் கூடாது."

"சப்மெர்சிபிளுக்கு யாருங்கக்கா இலக்கணம் பாக்கப் போறாங்க?"

"நான் பாப்பேன்," என்றாள் புவனா. ஆனாலும் அதை அப்படியே விட்டாள். மனசாட்சியோடு அவள் செய்துகொண்ட முதல் சமரசம் அதுதான்.

உள்ளே வந்தபோது பந்தி மாறிவிட்டிருந்தது. கிருபாசங்கர் மட்டும், இலையை எடுக்க வந்தவர்களிடம் மன்றாடி, பக்கத்து இருக்கையைப் பிடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சரியாப் போச்சா?" என்று கேட்டார். "கெடச்சுருச்சுங்க," என்றாள். எது என்று அவர் கேட்கவில்லை.

கிடைத்ததோடு பாடு தீர்ந்ததா என்றால், இல்லை. ரித்திகாவுக்குக் குரல் தேன். நாக்கு மட்டும் ளகரத்துக்கு மடங்குவேனா என்றது. "நம்மூட்டுப் பில்ல" என்று கொஞ்சிக் கொஞ்சிப் பாடினாள்.

"பில்ல இல்லடா கண்ணு, பிள்ள. நாக்கை மடிச்சு மேல தொடு."

"பில்ல."

"பில்லைன்னா தலையில வைக்கறது. இது ஊட்டுல வளர்றது."

சஹீர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு டீ வாங்கப் போய்விட்டான். அவன் திரும்பி வந்தபோதும் அவர்கள் அதே வார்த்தையில்தான் நின்றார்கள். கடைசியில் அந்தப் பெண் கண்ணில் நீரோடு, கோபமாக, நாக்கை அண்ணத்தில் அறைந்து "பிள்ள!" என்றாள். அந்தக் கோபத்தோடே பாடச் சொல்லிப் பதிவு செய்தார்கள். அதுதான் நன்றாகவும் வந்தது.

டீலர்கள் கூட்டம் அவிநாசி சாலையில் ஒரு ஓட்டல் அரங்கத்தில் நடந்தது. புவனாவும் கிருபாசங்கரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். வம்சியை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். நீலச் சட்டை, களைத்த கண்கள், ஒவ்வொரு டீலரையும் பேர் சொல்லி விசாரித்துக்கொண்டே வந்தான். கெட்ட பிள்ளையாகத் தெரியவில்லை. மனதுக்குள் ஒரு வில்லனை வரைந்து வைத்திருந்த புவனாவுக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பாட்டைப் போட்டார்கள். முதல் சுற்றில் டீலர்கள் புன்னகையோடு கேட்டார்கள். பல்லவி இரண்டாம் தரம் வந்தபோது முன்வரிசையில் கால்கள் தாளம் போட்டன. மூன்றாம் தரம் 'நம்மூட்டுப் பிள்ள' என்று அரங்கமே பாடியது. முடிந்ததும் பெருந்துறையிலிருந்து வந்திருந்த பாலுசாமி என்ற பழைய டீலர் எழுந்தார்.

"ஏனுங்க முதலாளி, சப்மெர்சிபிளை நீங்க இனிமே செய்யறதில்லைனு ஒரு பேச்சு அடிபடுதுங்களே. பாட்டைக் கேட்டா அப்படித் தெரியலீங்களே?"

கோபாலசாமி சிரித்த முகத்தோடு மகன் பக்கம் கையைக் காட்டினார். "தம்பியவே கேட்டுக்கோங்க."

அத்தனை கண்களும் வம்சி மேல் திரும்பின. அவன் மைக்கைக் கையில் வாங்கினான். அப்பாவைப் பார்த்தான். "நிறுத்தற எண்ணமெல்லாம் இல்லீங்க," என்றான். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

காபி இடைவேளையில் அவன் நேராகப் புவனாவிடம் வந்தான். "பாட்டு நல்லா இருக்குதுங்க மேடம். என்னை நல்லா மாட்டிவிட்டுட்டீங்க."

"நான் வார்த்தைக்குத் தகுந்த வார்த்தை தேடுனனுங்க தம்பி. மத்தது எனக்குப் பின்னாடிதான் தெரியும்."

"அந்த செக்ஷன்ல இருக்கற மெஷினெல்லாம் அரதப் பழசுங்க. செய்யற மோட்டாருல பாதி திரும்பி வருது. மாத்தலாம்ப்பான்னா சிரிக்கறார். மூடிறலாம்ப்பான்னா அதுக்கும் சிரிக்கறார். சரி, என்னதான் செய்யலாம்னு கேட்டா, 'சாப்பிட்டியா கண்ணு'ங்கறார்." கையிலிருந்த காபிக் கோப்பையை அவன் ஒரு சுற்றுச் சுற்றினான். "அவருகூட என்னால சண்டையே போட முடியலீங்க மேடம்."

பந்தியில் தனக்கு அறுந்த அதே நரம்பு இவனுக்கும் அறுந்துகொண்டிருப்பதைப் புவனா பார்த்தாள். "நான் ஒருநாள் கத்திப்போட்டனுங்க தம்பி," என்றாள். "அப்பத்தான் அவர் நெஜத்தைச் சொன்னாரு. மூடறது வேண்டாம், மெஷினை மாத்தலாம்னு சொல்லிப் பாருங்க. சிரிச்சா விடாதீங்க. சத்தம் போடுங்க."

"அப்பாகிட்டயா?"

"அவர்கிட்டத்தான்."

வம்சி கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டு, டீலர்களோடு பேசிக்கொண்டிருந்த அப்பாவிடம் போனான். ஏதோ சொன்னான். கோபாலசாமி சிரித்தபடி அவன் தோளைத் தட்டினார். அவன் அந்தக் கையை விலக்கினான். அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. இருவரும் பக்கத்து அறைக்குள் போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

முதலில் மகன் குரல் கேட்டது. பிறகு, அவள் அதுவரை கேட்டறியாத ஒரு குரல், கனத்து, உடைந்து, ஏறி ஏறி வந்தது. அது கோபாலசாமியுடையது என்று நம்ப அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. இருவரும் வீட்டுப் பேச்சான தெலுங்கில் சண்டை போட்டார்கள். ஒரு வார்த்தையும் அவளுக்கு விளங்கவில்லை.

"என்ன சொல்றாங்க?" என்று கிருபாசங்கர் கிசுகிசுத்தார்.

"தெரியலீங்க. நாம கெளம்பலாம் வாங்க."

ஆவணியில் வேறொரு பாட்டுக்காகப் போத்தனூர் போனபோது சஹீர் சொன்னான். அந்த செக்ஷன் மூடப்படவில்லையாம். பழைய மெஷின்கள் போய்ப் புதியவை வந்துவிட்டனவாம். வம்சியின் பொறுப்பில் நடக்கிறதாம். கோபாலசாமி காலையில் ஒரு தரம் போய் நின்று, குறை சொல்லிவிட்டு வருகிறாராம்.

"அப்பனும் மகனும் தெனமும் சண்டை போட்டுக்கறாங்களாமாக்கா," என்றான் சஹீர். "ஆபீஸ்ல இருக்கறவங்களுக்கு ஒரே சங்கடமாமா."

"போட்டுக்கட்டும்," என்றாள் புவனா. "நீ மெட்டைப் போடு."